முன்பாத வலிக்கு வைத்தியம்: எதை முதலில் செய்வது, எதற்குக் காத்திருப்பது

விரல்களுக்குச் சற்றுப் பின்னால், உள்ளங்காலில் மேடாக இருக்கும் இடத்தில் வலிக்கிறதா? நின்றால் வலி, நடந்தால் கூடுதல், உட்கார்ந்தால் குறைகிறது, செருப்புக்குள் ஏதோ கூழாங்கல் கிடப்பது போலவே இருக்கிறது என்கிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எனக்கு இந்த வலி வந்தபோது ஒருவர் மாத்திரை தந்தார், இன்னொருவர் ஊசி போடலாம் என்றார், மற்றொருவர் விலை உயர்ந்த இன்சோலுக்கு (ஷூவுக்குள் வைக்கும் தனி அடித்தட்டு) அளவெடுத்தார். நான் போட்டிருந்த ஷூவை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல்தான் நான் அதிகம் அலைந்தேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மருத்துவர் சீட்டில் ‘மெட்டாடார்சால்ஜியா’ என்று எழுதித் தந்தால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். முன்பாதத்தில் வலி என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. “எதனால் வந்தது டாக்டர்?” என்று கேளுங்கள். வைத்தியம் முழுக்க அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

1. முதலில், இது காத்திருக்கக்கூடிய வலிதானா என்று பாருங்கள்

பெரும்பாலான முன்பாத வலிகளுக்கு வீட்டிலேயே சில வாரம் முயன்று பார்க்கலாம். கீழே சொல்பவற்றுக்கு அது பொருந்தாது.

சர்க்கரை நோய் இருந்து, பாதம் திடீரென்று சிவந்து, வீங்கி, மற்றக் காலைவிடச் சூடாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். வலி லேசாக இருக்கிறதே என்று விடாதீர்கள். நரம்பு உணர்வு குறைந்த காலில் எலும்பும் மூட்டும் உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருக்கும்போதுகூட வலி கொஞ்சமாகத்தான் தெரியும். ‘சார்கோ பாதம்’ என்று இதைச் சொல்வார்கள். முதல் நாட்களிலேயே காலில் எடை விழாமல் தடுத்துக் கட்டுப்போட்டால்தான் பாதத்தின் வடிவத்தைக் காப்பாற்ற முடியும்.

புண், சீழ், காய்ச்சல், விரல் கறுத்துப்போதல், கால் சில்லிட்டுப்போதல் ஆகியவையும் அவசரம்தான். அடிபட்டபின் காலை ஊன்றவே முடியவில்லை என்றாலும் அப்படியே. ராத்திரி நன்றாகத் தூங்கப் போய், விடியும்போது கட்டைவிரல் மூட்டு சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் அது கவுட்டாக (மூட்டில் யூரிக் அமிலம் படிந்து வரும் வாதம்) இருக்கலாம். அதற்கு வேறு வைத்தியம். பேடும் (ஷூவுக்குள் ஒட்டும் சின்னத் திண்டு) இன்சோலும் உதவாது. ஆனால் மூட்டுக்குள் கிருமி புகுந்தாலும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும். அதனால் முதல் முறை வரும்போது நீங்களே முடிவு கட்டாமல் காட்டிவிடுங்கள்.

2. வலிக்கும் இடத்தை விரலால் தேடிக் கண்டுபிடியுங்கள்

நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மறுதொடையின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையால் விரல்களை மேல்நோக்கி மடக்குங்கள். உள்ளங்காலின் முன்மேட்டில் ஐந்து குமிழ்கள் தட்டுப்படும். அவை பாத எலும்புகளின் தலைப்பகுதிகள். மற்றக் கையின் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். குமிழ்களுக்கு நடுவிலும் அழுத்துங்கள். பிறகு பாதத்தின் மேல்பக்கமும். அவசரப்படாமல் செய்தால் ஓரிடத்தில் ‘இதுதான், இங்கேதான்’ என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, மூன்றாவது விரல்களுக்கு நேர் கீழே குமிழின் மேலேயே வலி, அந்த இடத்தில் தோல் காய்த்தும் போயிருக்கிறது என்றால் பெரும்பாலும் அது பாரத்தால் வரும் வலி. நடக்கும்போது விழ வேண்டியதைவிட அதிக எடை அந்த இடத்தில் விழுகிறது. குதிகால் உயர்ந்த செருப்பு, ஒடுங்கிய ஷூ, இறுகிப்போன கெண்டைக்கால் தசை, பக்கவாட்டில் சாய்ந்துபோன கட்டைவிரல் எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். இந்த வகைதான் அதிகம். வீட்டு வைத்தியத்துக்கு நன்றாகக் கேட்பதும் இதுதான்.

வலி குமிழின் மேல் இல்லை, மூன்றாவது நான்காவது விரல்களின் நடுவே எரிச்சலாகவோ மின்சாரம் பாய்வது போலவோ இருக்கிறது, அந்த இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன, ஷூவைக் கழற்றித் தேய்த்துவிட்டால் இதமாக இருக்கிறது. இப்படி என்றால் நரம்பு தடித்துப்போன ‘மார்ட்டன் நியூரோமா’ என்று சந்தேகிக்கலாம்.

இரண்டாவது விரலின் அடியில் வலியும் வீக்கமும் இருந்து, அந்த விரல் மெல்ல மெல்லக் கட்டைவிரல் பக்கம் சாய்ந்தால் மூட்டின் அடியில் தாங்கும் தடித்த சவ்வு கிழிய ஆரம்பித்திருக்கலாம். நின்றபடி பார்த்தால் இரண்டாவது விரலுக்கும் மூன்றாவதுக்கும் இடையே புதிதாக ஓர் இடைவெளி தெரியும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் விரலைக் கீழ்நோக்கி இழுத்து டேப் ஒட்டி, விறைப்பான அடிப்பாகம் உள்ள ஷூ போட்டால் அடங்கக்கூடியது, விரல் முழுவதும் மேலேறிவிட்டபின் அறுவைச் சிகிச்சை வரை போய்விடும்.

கட்டைவிரலுக்குக் கீழே வலி என்றால் அங்கே தசைநாருக்குள் பதிந்திருக்கும் இரண்டு சின்ன எலும்புகளைச் சுற்றி வந்த அழற்சியாக இருக்கலாம். ஓடுபவர்களுக்கும் நடனமாடுபவர்களுக்கும் அடிக்கடி வரும்.

பாதத்தின் மேல்பக்கத்தில் எலும்பின் மீது ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்து, அங்கே வீக்கமும் இருந்தால், அதுவும் சமீபத்தில் நடையையோ ஓட்டத்தையோ திடீரென்று கூட்டியவராக இருந்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். கீழே சொல்லப்போகும் பேட், பயிற்சி எதுவும் இதற்கு வேண்டாம். நேராக 7ஆம் படிக்குப் போங்கள்.

இரண்டு காலிலும் வலி, காலையில் எழுந்தால் அரை மணி நேரத்துக்கும் மேல் விறைப்பு, கைவிரல் மூட்டுகளிலும் வீக்கம் என்றால் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். முடக்குவாதம் முன்பாதத்திலேயே தொடங்குவது உண்டு. அதற்கு மருந்தைச் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு கெட்டுவிடும்.

இன்னொன்று: தோலில் தடிப்பு இருந்தால் அது காய்ப்பா, மருவா என்று பாருங்கள். நேராக அழுத்தினால் வலிப்பது காய்ப்பு. இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிப்பதும், கைரேகை போன்ற கோடுகள் அதன் மேல் ஓடாமல் நின்றுவிடுவதும், நடுவில் கரும்புள்ளிகள் தெரிவதும் மரு. மருவுக்குப் பேட் வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை.

3. ஒரே ஒரு தாளில் எழுதி வையுங்கள்

பின்னால் மருத்துவரிடம் போக நேர்ந்தால் இந்தத் தாள்தான் உங்கள் நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும். வலி எப்போது தொடங்கியது, அதற்கு முந்தைய மாதத்தில் என்ன மாறியது (புது ஷூ, புது வேலை, அதிக நேரம் நிற்பது, உடற்பயிற்சி, எடை கூடியது), எப்போது கூடுகிறது, எதனால் குறைகிறது, சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, சர்க்கரை, சிறுநீரகம், வயிற்றுப்புண் பற்றிய விவரம். பாதத்தின் படம் ஒன்றை வரைந்து வலிக்கும் புள்ளியில் குறி போடுங்கள். வீக்கமோ சிவப்போ வந்து வந்து போகிறது என்றால் வந்திருக்கும்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள். போகிற அன்று பார்த்துக் கால் நன்றாகவே இருக்கும்.

இதனுடன் வாரம் ஒரு முறை, பத்துக்கு எத்தனை வலி என்று ஓர் எண். தினமும் எழுத வேண்டாம், சலித்துவிடும். ஆனால் ஆறு வாரம் கழித்து ‘குறைந்ததா இல்லையா’ என்று ஞாபகத்தை நம்பிச் சொல்ல முடியாது, வலி அப்படித்தான்.

4. காலணியை மாற்றுங்கள், பெரிய செலவு இதில்தான், இதிலேதான் செய்யவும் வேண்டும்

இன்சோல், ஜெல், மசாஜ் கருவி என்று எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் போட்டு, அதன் மேல் எழுந்து நின்று, பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். நிற்பது முக்கியம், எடை விழும்போது பாதம் விரியும். பிறகு நீங்கள் அதிகம் போடும் காலணியை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். விரல்கள் இருக்கும் இடத்தில் கோடு காலணிக்கு வெளியே தெரிந்தால், நாள் முழுக்க உங்கள் எலும்புகளும் நரம்புகளும் அங்கே நசுங்கிக்கொண்டிருக்கின்றன. பலருக்கும் இந்த ஒரு தாளே காரணத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

புதிதாக வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

விரல் பகுதி அகலமாக இருக்க வேண்டும். நின்ற நிலையில் மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கைக்கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். மிக நீளமான விரல் கட்டைவிரலாகத்தான் இருக்கும் என்றில்லை, பலருக்கு இரண்டாவதுதான். குதிகால் உயரம் 2, 3 செ.மீ.க்குள் இருக்கட்டும். உயரம் கூடக்கூட எடை முன்னால் சரியும்.

அடிப்பாகத்தை வளைத்துப் பாருங்கள். ஷூ நடுவில் மடிந்தால் வேண்டாம். எவ்வளவு எளிதாக முன்பகுதி மடிகிறதோ அவ்வளவு வேலை உங்கள் விரல் மூட்டுகளுக்கு. விரல் மூட்டே வலிப்பவர்களுக்கு, முன்பகுதி சற்று மேல்நோக்கி வளைந்து உருளும் விறைப்பான அடிப்பாகம் நல்ல மாற்றம் தரும். கயிறு கட்டும் ஷூ நல்லது. பாதம் முன்னால் வழுக்கிப்போய் விரல்கள் முட்டாமல் அது பிடித்துக்கொள்ளும்.

மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். இரண்டு காலுக்கும் போட்டுப் பாருங்கள், பெரிய காலின் அளவை எடுங்கள். “போடப் போடத் தளர்ந்துவிடும்” என்று கடைக்காரர் சொன்னால் அந்த ஜோடியை வைத்துவிடுங்கள். பேட் வைக்கப் போகிறீர்கள் என்றால் உள்ளே இருக்கும் இன்சோலைக் கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள்.

ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுவது: பஞ்சு போல மெத்தென்று அமுங்கும் செருப்பு. கடையில் போட்டால் சுகமாக இருக்கும். ஆனால் அமுங்கிப்போனபின் எலும்பின் தலை அதே தரையில்தான் போய் முட்டும், பாதத்தைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. மெத்தை வேண்டும்தான், குறிப்பாக வயதானதால் உள்ளங்காலின் கொழுப்பு மெலிந்துபோனவர்களுக்கு; ஆனால் அதன் கீழே உறுதியான அடிப்பாகமும் வேண்டும்.

வெளியே நல்ல ஷூ போட்டுவிட்டு வீட்டில் கடினத் தரையில் மணிக்கணக்காக வெறுங்காலில் நிற்பவர்களுக்குப் பாதி வைத்தியம்தான் நடக்கிறது. வீட்டுக்குள் போட என்று ஒரு ஜோடி தனியாக ஒதுக்குங்கள்.

5. பேட் ஒட்டுவது: வலிக்கும் இடத்தில் ஒட்டாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். ‘மெட்டாடார்சல் பேட்’ என்று கேட்டால் கிடைக்கும், மாங்காய் வடிவத்தில் சின்னத் திண்டு. விலை குறைவு. வாங்குகிறவர்களில் பலர் அதை வலிக்கும் புள்ளிக்கு நேர் கீழே ஒட்டிவிடுகிறார்கள். அங்கே ஏற்கெனவே அதிக பாரம் விழுகிறது. அதன் அடியில் ஒரு மேட்டையும் வைத்தால் வலி கூடத்தான் செய்யும். ‘பேட் எனக்கு ஒத்துவரவில்லை’ என்று தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் ஒட்டியிருப்பார்கள்.

பேட் இருக்க வேண்டியது வலிக்கும் குமிழுக்குப் பின்னால், குதிகால் பக்கமாக. அது எலும்பின் தண்டைத் தாங்கித் தூக்கும்; அப்போது தலைப்பகுதியின் மேல் விழும் எடை குறையும். எலும்புகள் சற்று விலகுவதால் நடுவே நசுங்கும் நரம்புக்கும் இடம் கிடைக்கும். நியூரோமாவுக்கும் இதே பேட் உதவுவது அதனால்தான்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: 2ஆம் படியில் கண்டுபிடித்த குமிழின் மேல் லிப்ஸ்டிக்கால் அழுத்தமாக ஒரு புள்ளி வையுங்கள். காலுறை இல்லாமல் ஷூவுக்குள் காலை நேராக இறக்கி, எழுந்து நின்று, ஓரிரு அடி நடந்துவிட்டுக் கழற்றுங்கள். இன்சோலில் அந்தப் புள்ளி பதிந்திருக்கும். பேடின் அகலமான வளைந்த முனை விரல்கள் பக்கம் பார்க்கும்படி, அந்த முனை புள்ளிக்கு 5 முதல் 10 மி.மீ. பின்னால் வரும்படி வையுங்கள். முதலில் நிரந்தரமாக ஒட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போதும். நடந்து பாருங்கள். குமிழுக்குச் சற்றுப் பின்னால் ஏதோ தாங்குவது போல இருக்க வேண்டும், குமிழின் கீழே குத்தக் கூடாது. குத்தினால் சில மி.மீ. பின்னால் நகர்த்துங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் கொஞ்சம் முன்னால். இரண்டு மூன்று முறை நகர்த்தாமல் யாருக்கும் சரியாக அமையாது.

மெல்லிய பேடிலிருந்து தொடங்குங்கள், 3 மி.மீ. அளவில். பழகியபின் தேவைப்பட்டால் தடித்தது. முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். தினமும் கொஞ்சம் கூட்டி ஒரு வாரத்தில் நாள் முழுக்கப் போடும் நிலைக்கு வாருங்கள். முதல் நாட்களில் ஏதோ உறுத்துவது போலத் தெரிவது இயல்பு. மரத்துப்போனாலோ புது வலி வந்தாலோ எடுத்துவிடுங்கள். காலில் உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளிகள் இதைத் தாமாகச் செய்யக் கூடாது. பேட் புண்ணாக்கினாலும் அவர்களுக்குத் தெரியாது.

கட்டைவிரலுக்குக் கீழே வலிப்பவர்களுக்கு இந்தப் பேட் இல்லை. வலிக்கும் இடத்தைச் சுற்றி அணைத்து, நடுவில் பள்ளம் விட்டு வெட்டிய தடித்த ஃபெல்ட் திண்டுதான் அவர்களுக்கு.

அளவெடுத்துச் செய்யும் இன்சோலுக்கு எப்போது போவது? சாதாரணப் பேடைச் சரியான இடத்தில் வைத்து, ஓரளவு குணம் தெரிந்தபின். குணம் தெரிந்தால் அந்தத் திசை சரி என்று அர்த்தம். அதே அமைப்பை நிரந்தரமாகச் செய்துகொள்ளலாம். விலை உயர்ந்ததை முதலில் வாங்கிவிட்டுச் சரிப்படவில்லை என்றால், தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியாது, பணத்தைத் திருப்பவும் முடியாது. செய்யக் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சரியாக அமையாவிட்டால் திருத்தித் தருவதற்குத் தனிக் கட்டணமா? என்னிடம் இருக்கும் ஷூவுக்குள் போகுமா? காப்பீடு இதற்குப் பணம் தருமா, தருமென்றால் மருத்துவரின் சீட்டு வேண்டுமா? சீட்டு முதல் தேதியிலும் ரசீது பின் தேதியிலும் இருக்கட்டும். வரிசை மாறினால் பணம் வருவதில் சிக்கலாகலாம்.

6. பாரத்தைக் குறையுங்கள், கெண்டைக்காலைத் தளர்த்துங்கள்

முழு ஓய்வு தேவையில்லை. குதிப்பது, ஓடுவது, நீண்ட நேரம் ஒரே இடத்தில் நிற்பது ஆகியவற்றை நிறுத்திவிட்டு, நீச்சலோ சைக்கிளோ வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் மிதிக்கும்போது பெடல் பாதத்தின் நடுப்பகுதியில் இருக்கட்டும்.

கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால் நடக்கும்போது குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழுந்துவிடும். மீதி நேரமெல்லாம் எடை முன்பாதத்தில்தான். தளர்த்தும் முறை எளிது: ஷூ போட்டபடி சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்காலை நேராக்கி, குதிகாலைத் தரையில் அழுத்தி, உடலை முன்னால் சாயுங்கள். கெண்டைக்காலில் இழுப்பது தெரியும். 30 வினாடி, ஒரு காலுக்கு மூன்று முறை, காலை மாலை. பிறகு அதையே பின்கால் முழங்காலைச் சற்று மடக்கிச் செய்யுங்கள், உள்தசைக்கு அது. பின்னால் வைத்த பாதம் வெளிப்பக்கம் திரும்பாமல் நேராக முன்னால் பார்க்க வேண்டும். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைத் தொங்கவிடும் முறை இப்போது வேண்டாம், அது முழு எடையையும் வலிக்கும் இடத்தில் போடும்.

வலி கூடிய நாளில் துணி சுற்றிய ஐஸ், 10 முதல் 15 நிமிடம். கால் மரத்துப்போனவர்களுக்கும் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் ஐஸும் வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். வலி மாத்திரையில் கவனம்: ஐபுபுரொஃபென், டைக்லோஃபெனாக் வகை மாத்திரைகள் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆபத்தாகலாம். மேலே தடவும் ஜெல்லில் அந்த ஆபத்து குறைவு, என்றாலும் இவர்கள் கேட்டுவிட்டே தடவட்டும். எப்படியானாலும், மாத்திரை போட்டு வலியை மறைத்துக்கொண்டு ஓடப் போகாதீர்கள்.

காய்ப்பை பிளேடால் சீவாதீர்கள். குளித்தபின் தோல் ஊறியிருக்கும்போது பியூமிஸ் கல்லால் லேசாகத் தேய்த்து, யூரியா கலந்த கிரீம் தடவினால் போதும். கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டர்களில் அமிலம் இருக்கும். சர்க்கரை நோயாளிகள் அதைத் தொடவே கூடாது.

7. மருத்துவரிடம் எப்போது, என்ன கொண்டுபோவது

4, 5, 6ஆம் படிகளை ஒழுங்காக ஆறு வாரம் செய்தும் வாராந்திர எண் இறங்கவில்லை என்றால் போங்கள். மரத்துப்போதல், விரல் சாய்தல், ஒரே புள்ளியில் எலும்பு வலி இருந்தால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். யாரிடம்? பாதம், கணுக்கால் சிகிச்சையில் பழக்கமுள்ள எலும்பு மருத்துவர். பாத மருத்துவர்கள் தனியாக இருக்கும் இடத்தில் அவர்கள்.

பையில் எடுத்து வைக்க வேண்டியவை: அந்த ஒரு தாள், மருந்துகளின் பட்டியல், முன்பு எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன் (ரிப்போர்ட் மட்டும் போதாது, படமும் வேண்டும்), பேட் ஒட்டிய இன்சோல், அப்புறம் முக்கியமாக, நீங்கள் அதிகம் போட்டுத் தேய்ந்த பழைய ஷூ. அதன் அடிப்பாகம் எங்கே தேய்ந்திருக்கிறது என்பதே பாரம் எங்கே விழுகிறது என்று காட்டும். அவர் கேட்காவிட்டாலும் எடுத்து மேசையருகே வைத்து “இதைக் கொஞ்சம் பாருங்கள்” என்று சொல்லுங்கள்.

எக்ஸ்ரே எழுதினால், நின்றபடி எடுக்க வேண்டுமா என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படுத்தபடி எடுத்த படத்தில் எடை விழும்போது எலும்புகள் எப்படி அமைகின்றன என்பது தெரியாது. திரும்பவும் ஒரு முறை எடுக்க வேண்டி வரும். மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று சொன்னதும் நடையைக் கூட்டிவிடாதீர்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் எம்ஆர்ஐ, இல்லையென்றால் சில வாரம் காலைப் பாதுகாத்துவிட்டு மறுபடி எக்ஸ்ரே. விரிசல் உறுதியானால் விறைப்பான ஷூவோ நடைபூட்ஸோ (காலை அசையாமல் பிடிக்கும் மருத்துவ பூட்ஸ்) போட்டு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

நரம்பு, சவ்வு பற்றிய சந்தேகத்துக்கு அல்ட்ராசவுண்ட் பல சமயம் போதும். எம்ஆர்ஐயைவிடச் செலவு குறைவு, எடுப்பவருக்கு அனுபவம் வேண்டும். ஸ்கேனில் ‘நியூரோமா’ என்று வந்ததும் பயப்படாதீர்கள். வலியே இல்லாதவர்களின் காலிலும் அது தெரிவதுண்டு. கையால் அழுத்தும்போது வலிக்கும் இடமும் ஸ்கேன் காட்டும் இடமும் ஒன்றுதானா என்று கேளுங்கள். கவுட் சந்தேகத்தில் யூரிக் அமிலம் பார்த்தால், வலி உச்சத்தில் இருக்கும்போது அளவு சரியாகவே காட்டலாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

8. ஊசி போடலாம் என்றால்

நியூரோமாவுக்கு ஸ்டீராய்டு ஊசி சிலருக்குப் பல மாதங்கள் நிம்மதி தரும், சிலருக்குக் கொஞ்ச நாள்தான். போடும் முன் கேளுங்கள்: என்ன காரணத்துக்காகப் போடுகிறீர்கள்? அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி போடுவீர்களா? அடுத்தது எப்போது, மொத்தம் எத்தனை? ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் உள்ளங்காலைத் தாங்கும் கொழுப்பு மெலியலாம், மூட்டின் அடிச்சவ்வு பலவீனமாகி விரல் விலகலாம். இரண்டாவது விரல் சாயத் தொடங்கியிருந்தால் அதைச் சொல்லாமல் ஊசிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப்பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும், அளந்துகொண்டே இருங்கள்.

9. அறுவைச் சிகிச்சை

மூன்று முதல் ஆறு மாதம் மற்றதெல்லாம் ஒழுங்காகச் செய்து பார்த்தபின் பேச வேண்டிய விஷயம். நரம்பை எடுத்துவிட்டால் அந்த இரண்டு விரல்களுக்கு நடுவே மரத்துப்போவது நிரந்தரம். சிலருக்கு வெட்டிய முனையிலேயே மறுபடி வலி வரும். பாத எலும்பை வெட்டிச் சற்றுப் பின்னால் தள்ளிப் பொருத்தினால், எலும்பு சேர ஏறக்குறைய ஆறு வாரம், வீக்கம் முழுவதும் வடியப் பல மாதம். விரல் தரையைத் தொடாமல் மேலே நிற்பதும், பாரம் பக்கத்து எலும்புக்கு மாறி வலி அங்கே போவதும் உண்டு.

செலவைக் கேட்கும்போது அறுவைக்கு மட்டும் கேட்காதீர்கள். மயக்க மருந்து, உள்ளே வைக்கும் திருகு, பின்னால் போட வேண்டிய தனி ஷூ, கட்டுப் பிரிப்பு, பிசியோதெரபி எல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். காப்பீடு இருந்தால் முன் அனுமதியும் எழுத்தில். வேலைக்கு விடுப்பு எத்தனை வாரம், வண்டி ஓட்ட எப்போது அனுமதி, வலது காலா இடது காலா என்பதால் அது மாறுமா என்பதையும் தேதி குறிக்கும் முன்னே கேட்டுவிடுங்கள்.

10. பழைய நடைக்குத் திரும்புவது

வலி நின்ற மறுநாளே பழைய தூரம் போகக் கூடாது. நடக்கும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல் இருந்து, மறுநாள் காலையில் முன்னிருந்த அளவுக்கே அடங்கிவிட்டால் அந்தத் தூரம் உங்களுக்குச் சரி. அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம். மறுநாளும் வலி தங்கியிருந்தால் முந்தைய வாரத் தூரத்துக்கே திரும்புங்கள். குதிகாலை உயர்த்தி நிற்கும் பயிற்சியை இந்தக் கட்டத்தில் தொடங்கலாம், முதலில் இரண்டு காலிலும் எடை போட்டு, சுவரைப் பிடித்தபடி.

பேட் அமுங்கி மெலிந்துபோகும். மாதம் ஒரு முறை இன்சோலை வெளியே எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். மேடு எழும்பி வரவில்லை என்றால் புதியதை அதே குறியில் ஒட்டுங்கள். குறி அழியாமலிருக்கப் பேனாவால் இன்சோலில் சுற்றிக் கோடு போட்டு வைப்பது நல்லது. அடுத்த ஷூவுக்கு மாற்றும்போது லிப்ஸ்டிக் சோதனையை மட்டும் மறுபடி செய்ய வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு ஷூவிலும் கால் உட்காரும் இடம் கொஞ்சம் மாறும்.